சைடு வீலோடு பெடலையும் கழற்று

அன்புள்ள மலர்விழி,

தம்பிக்கு சைக்கிள் பழக்கும் வேலையை உன் தலையில் கட்டிவிட்டு உன் அப்பன் நழுவிவிட்டதாக எழுதியிருந்தாய். நல்லதாய்ப் போயிற்று. அவனிடம் விட்டிருந்தால் அடுத்த தீபாவளி வரைக்கும் அந்த சைடு வீல் வண்டி தெருவில் கடகடத்துக்கொண்டுதான் இருக்கும்.

ஆனால் கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் ஒன்று சொல்லியிருக்கிறாயே, சக்கரம் சுழலும்போது வரும் கைரோஸ்கோப் விளைவுதான் சைக்கிளைச் சாயாமல் நிறுத்துகிறது என்று, அதைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பிள்ளைகள் பரீட்சையில் இதைத்தான் எழுதுகிறார்கள், திருத்துகிறவர்களும் மார்க் போட்டுவிடுகிறார்கள். உன் தம்பி நடக்கிற வேகத்தில் ஓட்டும் குட்டி வண்டியின் சக்கரத்தில் அந்த விளைவு எவ்வளவு இருந்துவிடப்போகிறது?

டேவிட் ஜோன்ஸ் என்று ஓர் ஆங்கிலேயர் இருந்தார். படித்தது வேதியியல். டீடலஸ் என்ற பெயரில் 'நியூ சயின்டிஸ்ட்'டிலும் பிறகு 'நேச்சர்' இதழிலும் நடக்காத கண்டுபிடிப்புகளையெல்லாம் நடந்ததுபோல் எழுதித் தள்ளியவர். அந்தப் பத்திகள் தொகுப்பாக வந்திருக்கின்றன, கண்ணில் பட்டால் விடாதே. எது கிண்டல், எது நிஜம் என்று பிரித்துப் பார்ப்பதே ஒரு படிப்பு. அவருக்கு ஒரு ஆசை: யாராலும் ஓட்டமுடியாத சைக்கிள் ஒன்றைச் செய்துவிட வேண்டும். முன்சக்கரத்தை ஒட்டி, தரையில் படாதபடி இன்னொரு சக்கரத்தை மாட்டி, அதை எதிர்த்திசையில் சுழலவிட்டார். ஒன்றின் கைரோ விளைவை மற்றது தின்றுவிடும் என்பது கணக்கு. ஏறி மிதித்தால் வண்டி பாட்டுக்குப் போகிறது! ஆளில்லாமல் தள்ளிவிட்டபோது மட்டும் சீக்கிரம் விழுந்தது. மனுஷன் அதோடு விடவில்லை. முன் ஃபோர்க்கைத் திருப்பிப் போட்டார். முன்சக்கரத்தைச் சில அங்குலம் முன்னுக்குத் தள்ளி மாட்டினார், அந்த வண்டிதான் அவரைப் பாடாய்ப் படுத்தியது. முன்சக்கரம் தரையைத் தொடும் இடமும் ஹேண்டில்பாரின் அச்சும் எப்படி அமைகின்றன என்பதில்தான் சூட்சுமம் என்று 1970-இல் 'ஃபிசிக்ஸ் டுடே'யில் எழுதினார்.

அதற்கும் பதில் வந்தது. 2011-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் அந்த இரண்டு காரணங்களையுமே நீக்கிவிட்டு ஒரு வண்டியைச் செய்தார்கள். தள்ளிவிட்டால் அது தானே நிமிர்ந்து ஓடியது. 'சயின்ஸ்' இதழில் வந்த கட்டுரை அது. ஒற்றைக் காரணம் சொல்லி முடிக்கிற விஷயமில்லை இது என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன். உனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: விழாமல் போகிற வண்டியில், எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே முன்சக்கரம் திரும்புகிறது.

விளக்குமாற்றை உள்ளங்கையில் நிறுத்தி விளையாடியிருப்பாய். அது சாயும் பக்கமாகக் கையை நகர்த்தி அதன் அடியில் கொண்டுபோய் வைக்கிறாய் அல்லவா, சைக்கிளில் அந்த வேலையைச் செய்வது ஹேண்டில்பார். நின்ற வண்டியில் அதை எவ்வளவு திருப்பினாலும் சக்கரம் உடம்புக்கு அடியில் வராது, உருண்டால்தான் வரும். வேகம் உதவுவது இதற்காகத்தான்.

இப்போது சைடு வீலைப் பார். அது வண்டியைச் சாயவே விடுவதில்லை. சாயாத வண்டியில் பிள்ளை எதைத் திருத்தக் கற்றுக்கொள்ளும்? போதாக்குறைக்குத் தப்பாக வேறு கற்றுக்கொடுக்கிறது. சைடு வீலோடு இடப்பக்கம் திருப்பினால் உடம்பு வலப்பக்கம் தள்ளப்படும். ஹேண்டிலை வெடுக்கென்று திருப்பினாலே திரும்பிவிடலாம் என்று கை பழகிவிடும். அந்தச் சக்கரங்களைக் கழற்றிய அன்று அதே கை அதே வேலையைச் செய்யும், பிள்ளை வலப்பக்கம் விழும். நிஜ சைக்கிளில் இடப்பக்கம் திரும்ப முதலில் வலப்பக்கம் ஒரு நூலளவு திருப்பித்தான் ஆகவேண்டும். ரைட் சகோதரர்களில் மூத்தவர் வில்பர், டேட்டனில் சைக்கிள் கடை வைத்திருந்தவர், ஓட்டுகிறவர்களுக்கே தெரியாமல் இது நடப்பதைக் கவனித்துச் சொல்லியிருக்கிறார். நம்பாவிட்டால் மழைத்தண்ணீர் தேங்கிய குட்டையில் நேராக ஓட்டி வெளியே வந்து, காய்ந்த தரையில் சட்டென்று இடப்பக்கம் திரும்பு. இறங்கி வந்து முன்சக்கரத்தின் ஈரத்தடத்தைப் பார்.

ஆகவே தம்பியின் வண்டியில் சைடு வீலோடு பெடல்களையும் கழற்று. ஆச்சரியப்படாதே, இருசக்கர வண்டி பிறந்ததே அப்படித்தான். 1817 ஜூன் 12 அன்று ஜெர்மனியின் மான்ஹைம் நகரத்திலிருந்து கார்ல் டிரைஸ் ஓட்டிப்போன மரவண்டியில் பெடல் கிடையாது, காலால் தரையை உந்தித்தான் போனார். பெடல் வைத்த வண்டி பாரிஸில் புழக்கத்துக்கு வர 1860-கள் ஆகிவிட்டது. எங்கள் காலத்தில் வாடகைக்கு எடுத்த பெரிய சைக்கிளில் பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்கு பெடல் அடிப்பதற்கு முன்னால், இடது காலைப் பெடலில் ஊன்றி, வலது காலால் உந்தி உந்தித் தெருவை அளப்போம். எல்லோரும் குரங்கு பெடலைப் பற்றியே கதை எழுதுகிறார்கள். பேலன்ஸ் வந்தது அந்த உந்தலில்தான் என்பது என் கட்சி, யார் மறுத்தாலும் விடமாட்டேன். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். புடவை கட்டிக்கொண்டு, பலர் பார் வைத்த ஆண்கள் சைக்கிளில். அவர்களுக்கு யார் சைடு வீல் மாட்டிக்கொடுத்தது?

பெடலைக் கழற்றும்போது கவனம். பெரும்பாலும் 15-ஆம் நம்பர் ஸ்பானர் பொருந்தும். வலது பெடல் வழக்கம்போல் இடஞ்சுழியாகக் கழலும். இடது பெடலுக்கு மரை எதிர்ப்புறம், வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். உன் அப்பன் இது தெரியாமல் பலமாக இறுக்கிவிடுவான், பக்கத்தில் விடாதே.

சீட்டை நன்றாக இறக்கு. உட்கார்ந்தபடி இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படிய வேண்டும், முட்டி சற்று மடிந்திருக்க வேண்டும். புல்தரை மெத்தென்று இருக்கிறதே என்று ஆசைப்படாதே, சக்கரம் உருளாது. இறுகிய மண் மைதானத்தில் லேசான சரிவு போதும். ஹெல்மெட் போட்டுவிடு, பிரேக் பிடிக்க முதலில் பழக்கு. அப்புறம் நடக்கட்டும், உந்தட்டும், தானாகவே காலைத் தூக்கட்டும். நீ செய்யக்கூடாதது ஒன்று உண்டு: ஹேண்டில்பாரைப் பிடிக்காதே. அவன் கை செய்ய வேண்டிய திருத்தத்தை உன் கை செய்துவிடும். பிடித்தே தீரவேண்டும் என்றால் அவன் அக்குளுக்குக் கீழே லேசாகப் பிடி. முன்சக்கரத்தைப் பார்க்காமல் தூரத்தில் பார்க்கச் சொல்.

இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு சரிவு முழுக்கப் போய், ஒரு வளைவும் எடுத்துவிட்டான் என்றால் பெடலை மாட்டிவிடலாம். எந்தப் பெடல் எந்தப் பக்கம் என்று அதன் அச்சு முனையில் எல், ஆர் எழுத்து பொறித்திருக்கும். மாற்றி மாட்டினால் கிராங்க்கின் மரை போய்விடும், கடைக்காரர் புதுசு வாங்கச் சொல்லிவிடுவார். முதலில் விரலால் இரண்டு சுற்று சுற்றிப் பார், தடையில்லாமல் ஏறினால் மட்டும் ஸ்பானரை எடு.

அன்புடன்,
பெரியப்பா