வீச்சும் வழிகாட்டலும்

நுழையும்முன்

விளையாட்டு வீரரின் ஆடுகாலம் குறுகியது. அவர் ஈட்டிய அறிவு நெடுங்காலம் பயன்தரவல்லது. அவ்வறிவைப் பிறர்க்கு வழங்குவோரே பயிற்றுநர். தமிழ்நாட்டு அணியில் பந்துவீசி, இந்திய அணியின் பந்துவீச்சுப் பயிற்றுநராக உயர்ந்த பரத் அருணின் வாழ்க்கை இதனை உணர்த்துகிறது.

இரு நாடுகள், ஒரு கலை

அமெரிக்க மக்கள் விரும்பும் பேஸ்பால் ஆட்டத்தில் பந்தெறிபவர் 60 அடி 6 அங்குலத் தொலைவிலிருந்து எறிகிறார். கிரிக்கெட் ஆடுதளத்தின் நீளம் 22 கெசம், அதாவது 66 அடி. பேஸ்பாலில் கையை மடக்கி எறியலாம். பந்து தரையைத் தொடாமல் மட்டையாளரைச் சேரும். கிரிக்கெட்டிலோ கையை மடக்கி எறிதல் விதிமீறலாகும்; பந்து பெரும்பாலும் தரையில் பட்டு எழும். எனினும் தோளும் முதுகும் தாங்கும் சுமை இரண்டிலும் பெரிது. ஆகவே, இரண்டிலும் இதற்கெனத் தனிப் பயிற்றுநர் உள்ளனர்.

குறுகிய ஆடுகாலம்

1962இல் விஜயவாடாவில் பிறந்த அருண், தமிழ்நாட்டு அணியின் வேகப்பந்து வீச்சாளராகத் திகழ்ந்தார். 1986 டிசம்பரில் கான்பூரில் இலங்கைக்கு எதிராகத் தம் முதல் டெஸ்ட் போட்டியை ஆடினார். இந்தியாவுக்காக அவர் ஆடியவை இரண்டு டெஸ்ட் போட்டிகளும் நான்கு ஒருநாள் போட்டிகளுமே. வாய்ப்பு மீண்டும் வரவில்லை. ஆயினும், அவர் ஆட்டத்தைக் கைவிடவில்லை. 1987-88இல் ரஞ்சிக் கோப்பையை வென்ற தமிழ்நாட்டு அணியில் அவரும் இடம்பெற்றிருந்தார்.

பயிற்றுநர் பணி

ஓய்வுக்குப்பின் பயிற்சிப் பணியைத் தேர்ந்த அருண், தேசிய கிரிக்கெட் அகாதெமியில் பணியாற்றினார். 2012இல் 19 வயதிற்குட்பட்டோர் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணிக்கு அவரே பயிற்றுநர். 2014முதல் 2016வரையும், 2017முதல் 2021வரையும் இந்திய அணியின் பந்துவீச்சுப் பயிற்றுநராக விளங்கினார்.

இடைப்பட்ட 2016-17 பருவத்தில் ஐதராபாத் அணிக்குப் பயிற்சி அளித்தார். அவ்வணியில் ஆடிய முகமது சிராஜ், ஆட்டோ ஓட்டுநரின் மகன். டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்தவர். அப்பருவத்தில் ரஞ்சிப் போட்டிகளில் 41 விக்கெட்டுகளை வீழ்த்தி நாட்டின் கவனத்தை ஈர்த்தார்.

பிரிஸ்பேன் சோதனை

2020-21 ஆஸ்திரேலியத் தொடரின் இறுதிப் போட்டிக்குமுன் பும்ரா, ஷமி, உமேஷ், அஸ்வின், ஜடேஜா ஆகியோர் காயத்தால் விலகினர். பிரிஸ்பேன் திடலில் 1988க்குப்பின் ஆஸ்திரேலியா எந்த டெஸ்ட் போட்டியிலும் தோற்றதில்லை. அங்கே சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த நடராஜனும் சென்னையின் வாஷிங்டன் சுந்தரும் முதல் டெஸ்ட் ஆடினர். சிராஜுக்கு அது மூன்றாம் போட்டியே. தொடருக்குமுன் தந்தையை இழந்தும் அவர் நாடு திரும்பாமல் அணியுடன் இருந்தார்.

முதல் இன்னிங்சில் நடராஜன், சுந்தர், ஷர்துல் தாக்கூர் ஆகியோர் ஆளுக்கு மூன்று விக்கெட் வீழ்த்தினர். இரண்டாம் இன்னிங்சில் சிராஜ் ஐந்து விக்கெட் எடுத்தார். 328 ஓட்டங்கள் என்ற இலக்கை எட்டி, இந்தியா தொடரை 2-1 என வென்றது. முன்னணி வீரர் இல்லாதபோதும் அடுத்த நிலையினர் ஆயத்தமாக இருந்தமை, பல ஆண்டுப் பயிற்சியின் பயனாகும்.

உணர வேண்டியது

இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் போன்ற ஊர்களின் திடல்களில் பந்துவீசும் இளையோர் அனைவரும் நாட்டு அணியில் இடம்பெறுவது இயலாது. ஆனால், கற்றதைப் பிறர்க்குக் கற்பிக்கும் வாய்ப்பு ஒவ்வொருவருக்கும் உண்டு. இரண்டே டெஸ்ட் ஆடியவர் ஒரு தலைமுறை வீச்சாளர்களை உருவாக்கத் துணைநின்றார் என்பது அதற்குச் சான்று.

குறுவினா
பேஸ்பால், கிரிக்கெட் பந்துவீச்சு முறைகளின் வேறுபாடுகள் இரண்டினை எழுதுக.

சிறுவினா
பிரிஸ்பேன் வெற்றி பயிற்சியின் பயன் என்பதை விளக்குக.

செயல்பாடு
உங்கள் ஊரில் விளையாட்டுப் பயிற்சி அளிக்கும் ஒருவரைச் சந்தித்து நேர்காணல் எழுதுக.