விட்டுவைக்கிற பல்லுக்கும் திகதி போடும்

அன்பின் தங்கச்சிக்கு,

முல்லைத்தீவில் இருந்து கொக்கிளாய்ப் பக்கமும் பார்க்கும் வேலைக்குப் போன முதல் மாதத்திலேயே நீர் கேட்டிருப்பது நல்ல கேள்வி. ஞானப்பல்லுக்காக வருகிறவர்களில் யாருக்குப் பிடுங்குவது, யாருக்கு விடுவது? பேராதனையில் படித்த விதிகளை வைத்துக்கொண்டு வாங்கில் காத்திருக்கும் சனத்தைப் பார்க்கத் தடுமாற்றமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர். அந்தத் தடுமாற்றம் உம்மிடம் கொஞ்சக்காலம் இருக்கட்டும்.

அங்கே வருகிறவர்களுக்கு உமக்கு முன்னமே ஆலோசனை சொல்ல ஆட்கள் உண்டு. ரொறன்ரோவில் இருக்கும் அக்கா, "நாலையும் ஒரேயடியாக எடுத்துவிடு, இங்கே எல்லாரும் அப்படித்தான்" என்பார். லண்டனில் இருக்கும் அண்ணன், "நோகாத பல்லில் இங்கே கைவைக்கவே மாட்டார்கள்" என்பார். இரண்டு பேரும் சொல்வது உண்மை. வட அமெரிக்காவில் பதின்ம வயது முடியும்போதே ஞானப்பற்களை எடுத்துவிடுவது நெடுங்காலப் பழக்கம். பிரித்தானியாவின் நைஸ் அமைப்போ 2000ஆம் ஆண்டில், நோயில்லாத புதைபல்லை முன்கூட்டி எடுப்பதை நிறுத்தச் சொன்னது. முரசு வீக்கம் முதல் தடவை வந்து, கடுமையாகவும் இல்லாவிட்டால் பொறுக்கலாம். இரண்டாம் தடவை வந்தால் எடுப்பதை யோசிக்கலாம் என்றது. அமெரிக்காவிலேயே ஜே ஃபிரீட்மன் என்ற பல் வைத்தியர் 2007இல் தன் நாட்டுப் பழக்கத்தைப் பொதுச் சுகாதாரக் கேடு என்று எழுதினார். கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 2020இலும், நோயில்லாத பல்லை எடுப்பதா விடுவதா என்று தீர்க்கப் போதிய சான்று இல்லை என்றுதான் முடித்தது.

நான் விட்டுவைக்கிற பக்கம். சும்மா இருக்கும் பல்லைத் தோண்டப்போய்க் கீழுதட்டின் உணர்வைக் கெடுத்தால் அந்த நட்டத்தை ஈடுசெய்ய நம்மிடம் எதுவும் இல்லை. ஆனால் பொறுத்துப் பார் என்கிற விதி, நோகாவிட்டாலும் பல் வைத்தியரிடம் ஒழுங்காகப் போய்க் காட்டக்கூடிய நாட்டுக்காக எழுதப்பட்டது. அங்கேயே அந்த விதி வந்தபின் பலர் வயது போய், முன்னால் நிற்கும் நல்ல கொடுப்புப்பல்லின் பின்பக்கம் சூத்தையாகிய பிறகு வந்து சேர்ந்தார்கள். கொக்கிளாயிலிருந்து கொக்குத்தொடுவாய், நாயாறு, செம்மலை, அளம்பில் தாண்டி முல்லைத்தீவுக்கு வரவேண்டிய ஒருவர், நோகாத பல்லைக் காட்ட ஒரு நாள் தொழிலை விட்டு வருவார் என்று நம்பி இருந்துவிட முடியாது. விடுவது என்று தீர்மானித்தால் அதுவும் ஒரு சிகிச்சை. அதற்கும் திகதி போடும், அட்டையில் எழுதும், நீர் அந்தப் பக்கம் போகிற நாளாகப் பார்த்துக் கூப்பிடும். நாயாற்றுக்குப் பருவத் தொழிலுக்கு வருகிறவர் என்றால் பருவம் முடிந்து எந்த ஊருக்குப் போவார் என்று கேட்டு, அங்குள்ள வைத்தியருக்கு ஒரு துண்டு எழுதிக் கையில் கொடும்.

நீர் சொன்ன அந்த 22 வயதுப் பொடியனையே எடுப்போம். களப்பில் றாலுக்குப் போகிறவன். ஆறு மாதத்துக்குள் இரண்டாம் முறையாக இடது கீழ்க் கொடுப்பின் கடைசியில் முரசு வீங்கியிருக்கிறது. முதலில் டோர்ச்சைப் பிடித்து, வாயை மெல்ல மூடச் சொல்லி, மேல்பல் எங்கே இடிக்கிறது என்று பாரும். சிவந்து வீங்கிய முரசு மடிப்பின்மேல் மேல் ஞானப்பல்லின் முனை பதிந்த தடம் வெளிறித் தெரியும். அவன் சோறு மெல்லும்போதெல்லாம் அந்த முனை புண்ணில் குத்துகிறது. மடிப்புக்கு அடியில் சலைன் விட்டு, சேர்ந்து கிடக்கும் சோறும் சீழும் வெளியே வருமட்டும் கழுவும். மேல் ஞானப்பல்லைப் பிடுங்கினால் நோ வெகுவாக அடங்கும். அது பெரும்பாலும் உமது கதிரையிலேயே சுலபமாக வரும் பல். மேல்பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை போய்விடும் என்று தாய் மறிப்பார். கண்ணுக்குப் போகிற நரம்பு வேறு, பல்லுக்குப் போகிற நரம்பு வேறு என்று பொறுமையாகச் சொல்லும். அவர் பயப்படுவது பிள்ளைக்காக. காய்ச்சலோ பரவிய வீக்கமோ இல்லாவிட்டால் அன்டிபயோட்டிக் தேவையில்லை. நாடிக்குக் கீழே வீங்கி, விழுங்கக் கஷ்டப்பட்டு, நாக்கு மேலே தள்ளினால் ஒரு நிமிஷமும் யோசியாமல் 1990 அம்புலன்ஸைக் கூப்பிடும்.

இரண்டாம் தடவை என்பதால் கீழ்ப்பல்லும் போகவேண்டியதுதான், ஆனால் வீக்கம் வற்றிய பிறகு. அதற்கு முன் முழுத்தாடை எக்ஸ்ரே வேண்டும். வேரின்மேல் கறுப்பாக ஒரு பட்டி விழுந்திருக்கிறதா, நரம்புக் குழாயின் வெள்ளைக்கோடு அந்த இடத்தில் அறுந்திருக்கிறதா, குழாய் வளைந்து விலகுகிறதா என்று பாரும். ரூட், ஷெஹாப் இருவரும் 1990இல் சொன்ன இந்த அடையாளங்களில் ஒன்று தெரிந்தாலும் நீர் தொடவேண்டாம். யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையின் தாடை, முக சத்திரசிகிச்சைப் பிரிவுக்குப் படத்தோடு அனுப்பும். வேரை விட்டுத் தலையை மட்டும் வெட்டி எடுப்பதா என்று அவர்கள் முடிவு செய்வார்கள்.

முன்பற்கள் நெருங்கிக் கோணுகின்றன, பின்னால் ஞானப்பல் தள்ளுகிறது என்று கல்யாணம் பேசியிருக்கும் பிள்ளைகளைக் கூட்டி வருவார்கள். அந்தக் காரணத்துக்காகப் பிடுங்குவதற்கு ஆதாரம் இல்லை. சொல்லி அனுப்பிவிடும்.

கரையோரத்தில் வேலை செய்கிறவர் கண்வைக்கவேண்டியது இன்னொன்று. "ஞானப்பல் முளைக்குது போல, வாய் திறக்க ஏலாது" என்று வருகிற எல்லாருக்கும் பல்லில் பிழை இருக்காது. மூன்று விரலை நெட்டாக வைத்து வாய்க்குள் போகிறதா என்று பாரும். கன்னத்தின் உட்பக்கத்தை விரலால் தடவும். வெளிறி, நார் நாராக இறுகியிருந்தால், உறைப்புச் சாப்பிட எரிகிறது என்றும் சொன்னால், அது பாக்கு செய்த வேலை. கடலில் நித்திரை முழிக்க வெற்றிலை போடுகிற பொடியங்களுக்கு இருபதிலேயே இது வரும். அப்படிப்பட்ட வாயில் ஞானப்பல்லைத் தேடிப் பிடுங்கினால் புண்ணும் ஆறாது, உண்மையான நோயும் தவறிப்போகும். கடைசிப் பல்லடியில் இரண்டு, மூன்று கிழமையாக ஆறாத புண் இருந்தால் பல்லை விட்டுவிட்டுப் புண்ணைக் காட்ட அனுப்பும். இலங்கை ஆண்களிடம் முதலிடத்தில் நிற்கிற புற்றுநோய் வாய்ப்புற்று. இதில் என்னிடம் சமரசம் கிடையாது.

அட்டை எழுதும்போது எந்தப் பல் முளைத்தது, எது புதைந்தது, எது பிடுங்கப்பட்டது, வேர் முடிந்ததா என்று ஒவ்வொன்றாக எழுதும். 1984 டிசம்பரில் கொக்கிளாய்ப் பக்கத்துச் சனம் இடம்பெயர்ந்து போய், போர் முடிந்த பிறகுதான் திரும்பியது. இடையில் அவர்கள் வாயைப் பார்த்த எவருடைய குறிப்பும் அவர்கள் கையில் இல்லை. 2023 ஜூன் கடைசியில் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய் பதிக்க வெட்டிய இடத்தில் மனித எலும்புகள் வந்தன. அடுத்த ஆண்டு ஜூலையில் அகழ்வு முடியும்போது 52 பேரின் எச்சங்கள். உடம்பில் கடைசியாக உருவாகி முடிகிற பல் இந்த ஞானப்பல். வேர் எவ்வளவு தூரம் முடிந்திருக்கிறது என்பதைக்கொண்டு இளவயதுக்காரரின் வயதை மட்டிடலாம். ஆனால் பல்லை வைத்து ஆள் யாரென்று சொல்ல, உயிரோடு இருந்தபோது எழுதிய அட்டை ஒன்று வேண்டும். உமது கிளினிக்கில் அந்த அட்டை இல்லாமல் ஒருவரும் வெளியே போகக்கூடாது.

பல்லுப் பிடுங்க வருகிறவர்களிடம் ஒரு கிழமைக்குக் கடலுக்குப் போகமுடியாது என்பதை விறைப்பு ஊசி போடுமுன் சொல்லும். பிறகு சொன்னால் கேட்கமாட்டார்கள், வீட்டில் உலை வைக்கவேண்டும். புகை, வெற்றிலை, சாராயம் மூன்றையும் மறியும். மெட்ரோனிடசோல் கொடுத்திருந்தால் சாராயத்தைப் பற்றி மனைவிக்கும் சொல்லும். அடுத்த நாளும் உதடு விறைத்தே இருந்தால் போன் பண்ணச் சொல்லி, இலக்கத்தை அட்டையின் பின்னால் எழுதும். குழி காய்ந்து வருகிற நோ பெரும்பாலும் பிடுங்கிய சில நாளிலேயே தொடங்கும். ஆகவே கஷ்டமான பற்களைத் திங்கட்கிழமைக்கு வையும். நோ வந்தால் வியாழன், வெள்ளியில் நீர் கிளினிக்கில் இருப்பீர், அவர்கள் பாமசிக்கு அலையவேண்டி வராது.

அன்புடன்,
அண்ணா