முதல், கரு, உரி: சிறுமனைத் தோட்டத்தை மாற்றியமைக்கும் முறை

முன்னுரை

மனை என்னும் சொல் இல்லத்தையும், அது நிற்கும் நிலத்தையும், இல்லாளையும் ஒருங்கே குறிப்பதாகும். இல்லத்தை அடுத்த தோட்டத்தைப் பழந்தமிழர் படப்பை என்றனர். கொல்லை, புழக்கடை என்னும் சொற்கள் இன்றும் நம் வழக்கில் உள்ளன. சொற்கள் நிலைத்திருக்க, அவை சுட்டிய இடமோ சிமெண்டுத் தளமாக மாறி வருகின்றது. காரணம் கேட்பின், "பார்த்துக்கொள்ள ஆள் இல்லை" என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கும். பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் பணியாற்ற, முதியோர் இருவர் மட்டுமே வாழும் இல்லங்களில் இவ்விடையைப் பொய்யென்று தள்ளுதற்கில்லை.

எனினும், ஆள் குறைந்தமைக்காகத் தோட்டத்தையே அழிக்க வேண்டுமா என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது. தோட்டத்தின் வேலை பெரிதும் அதன் அமைப்பிலிருந்தே பிறக்கின்றது. அமைப்பை மாற்றினால் வேலை குறையும். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தொல்காப்பியம் அகத்திணைக்கு வகுத்த முதல், கரு, உரி என்னும் முறைவைப்பு இதற்கு நல்லதொரு வழிகாட்டியாகும். நிலமும் பொழுதும் முதலில். மரம், பூ, நீர், புள் முதலியன அடுத்து. மாந்தர் ஒழுக்கம் அதன்பின். நம்மில் பலரோ கண்ணைக் கவர்ந்த செடியை முதலில் வாங்கிவிட்டு, அதன்பின் அதற்கு இடம் தேடுகின்றோம். இடர்ப்பாடு அங்கேயே தொடங்குகின்றது.

முதற்பொருள்: நிலமும் பொழுதும்

விளக்கத்தின் பொருட்டு, 40 அடி அகலமும் 60 அடி நீளமும் உடைய 2,400 சதுர அடி மனையொன்றைக் கொள்வோம். கிழக்கு நோக்கிய வீடு 28 அடி அகலமும் 40 அடி நீளமும் உடையது. முன்னும் பின்னும் பத்துப் பத்து அடியும், இருபுறமும் ஆறாறு அடியும் எஞ்சும். தோட்டத்திற்கு உரிய இடம் இவ்வளவே.

செடி நடுவதற்கு முன் ஒரு நாள் முழுதும் வெயிலைக் கவனித்தல் வேண்டும். காலை, நண்பகல், எற்பாடு ஆகிய பொழுதுகளில் நிழல் எங்கே விழுகின்றது என்பதைத் தாளில் வரைந்துகொள்க. இம்மனையில் முன்புறம் காலை வெயில் பெறும்; பின்புறத்து மேற்குச் சுவர் மாலை வெயிலில் காயும்; வடபுறம் பெரும்பாலும் நிழலில் இருக்கும். இவ்வரைபடமே தோட்டத்தின் அடிப்படையாகும்.

அடுத்து மண். வீடு கட்டியபோது எஞ்சிய செங்கல் துண்டும் சுண்ணமும் சிமெண்டும் பெரும்பாலும் தோட்ட மண்ணிலேயே புதைந்திருக்கும். அவற்றை அகற்றி, இறுகிய மண்ணைக் கடப்பாரையால் நெகிழ்த்தி, மட்கிய தொழுஉரத்தைக் கலத்தல் வேண்டும். முதலாண்டில் செய்யும் இவ்வொரு வேலை பிந்திய ஆண்டுகளின் வேலைகள் பலவற்றைக் குறைக்கும்.

பின்னர் மழை. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் சேரும். நாம் கொண்ட வீட்டின் கூரை ஏறத்தாழ 104 சதுர மீட்டர். ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் மழை பெறும் ஊரில் அக்கூரையின்மீது 90,000 லிட்டருக்கு மேல் நீர் விழுகின்றது. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு கட்டடங்களுக்கு மழைநீர்ச் சேமிப்பு கட்டாயமாக்கப்பட்டது. 2015 திசம்பரில் வெள்ளத்தில் மூழ்கிய சென்னை மாநகர், 2019 கோடையில் ஏரிகள் வறண்டு குடிநீருக்கு அலைந்ததையும் நாம் கண்டோம். முற்றத்தைச் சிமெண்டால் மூடும் ஒவ்வொரு மனையும் மழைக்காலத்தில் நீரைத் தெருவுக்குத் தள்ளிக் கோடையில் கிணற்றை வறளச் செய்கின்றது. ஆகவே கூரை நீர் மணலும் சரளையும் நிரப்பிய குழிவழி நிலத்துள் இறங்கட்டும். நடைபாதை வேண்டுமாயின், பாவுகற்களை மணலின்மேல் இடைவெளி விட்டுப் பதித்தல் போதும்.

நடவுக்கும் பொழுது உண்டு. வடகிழக்குப் பருவமழை பெறும் ஊர்களில் கூதிர்க்காலத் தொடக்கமாகிய ஐப்பசியில் நடப்பட்ட செடி, மழை நாள்களிலேயே வேரூன்றிவிடும். இளவேனிலில் நட்ட செடியை நாள்தோறும் நீர் ஊற்றியே காக்க வேண்டியிருக்கும்.

கருப்பொருள்: செடியும் நீரும்

நீக்க வேண்டியவற்றை முதலில் நீக்குக. புல்தரை மிகுந்த நீரையும் இடைவிடாத வெட்டுதலையும் வேண்டுவது, சிறுமனைக்கு ஏற்றதன்று. தென்னைக்கு மரத்திற்கு மரம் 25 அடி இடைவெளி வேண்டும். பத்தடி அகலக் கொல்லையில் அதன் மட்டையும் காயும் நம் கூரைமீதோ அயலார் கூரைமீதோ விழும். தொட்டிச் செடிகள் கோடையில் ஒரே நாளில் காய்ந்துவிடும். நாற்பது தொட்டிகளுக்கு நாளும் அரைமணி நேரம் செலவிட்டால், ஆண்டுக்கு 180 மணிக்கு மேலாகின்றது. தொட்டிகளை ஐந்தாறாகக் குறைத்து, ஏனையவற்றை நிலத்தில் நடுதல் நன்று.

நடவேண்டியவை நம் மண்ணிலும் வெயிலிலும் பழகியவையாக இருத்தல் வேண்டும். முன்புறத்திற்கு வெட்சியாகிய இட்லிப்பூவும் நந்தியாவட்டையும் போதும். பின்புறத்தில் மாதுளை, எலுமிச்சை, கறிவேப்பிலை ஆகியவற்றைப் போதிய இடைவெளியில் வைக்கலாம். அவற்றின் நிழல் மேற்குச் சுவரின் வெம்மையைத் தணிக்கும். முருங்கை வைப்போர் ஆண்டுதோறும் நான்கடி உயரத்தில் வெட்டிவிட வேண்டும். அதன் கிளை எளிதில் முறியும். அரளி வறட்சியைத் தாங்கும். ஆயினும் அதன் எல்லாப் பகுதிகளும் நஞ்சாதலின், குழந்தைகள் உள்ள இல்லத்திற்கு ஆகாது.

வேலிக்கு நொச்சியை நினைவூட்ட விரும்புகின்றோம். மதில் காத்தலைக் கூறும் புறத்திணைக்கு நம் முன்னோர் இச்செடியின் பெயரை வைத்தனர். குச்சியை ஊன்றினாலே தழைத்து, ஆண்டுக்கு இருமுறை வெட்டினால் அடர்ந்து நிற்கும் இச்செடி இன்றும் மனையைக் காக்க வல்லது. மருதாணியும் இவ்வாறே வேலியாகும். பெருநாள் காலத்தில் அதன் பயனைச் சொல்ல வேண்டுவதில்லை.

நீர்த்தேவை ஒத்த செடிகளை ஒருங்கே வைத்தல் மற்றொரு நெறி. சமையலறை நீர் செல்லும் வழியில் வாழையும் கல்வாழையும் இருக்கட்டும். ஆங்கு நீர் தேங்கிக் கொசு பெருகாதவாறு சரளைக் குழி அமைத்தல் வேண்டும். ஒளுச் செய்த நீரில் சோப்பு கலப்பதில்லை. சிறு வாய்க்கால் ஒன்று வெட்டினால் அது நேரே கறிவேப்பிலைக்கும் மாதுளைக்கும் செல்லும். இளஞ்செடிகளுக்கு அருகே மெருகிடாத மண்பானையைக் கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பி மூடிவிட்டால், நீர் சிறிது சிறிதாகக் கசிந்து வேரை நனைக்கும்.

வேலையைக் குறைப்பதில் மூடாக்குக்கு நிகரானது அரிது. உதிர்ந்த சருகை எரிக்காமல், செடிகளைச் சுற்றி இரண்டு மூன்று அங்குல உயரத்திற்குப் பரப்புக. மண்ணின் ஈரம் காக்கப்படும், களை குறையும், சருகு மட்கி உரமாகும். தண்டை ஒட்டிச் சிறிது இடம் விடுதல் வேண்டும். கரையானுக்கும் பாம்புக்கும் அஞ்சுவோர் வீட்டுச் சுவரிலிருந்து இரண்டடி தூரத்தை வெறுமையாக விடுக. சருகு கிடந்தால் வீடு தூய்மையற்றதாகத் தோன்றும் என்பாரும் உளர். பாத்தியைச் சுற்றிச் செங்கல் வரிசை ஒன்றை வைத்துவிட்டால், குப்பையெனத் தோன்றியதே ஒழுங்கெனத் தோன்றும்.

உரிப்பொருள்: மாந்தர் ஒழுக்கம்

தோட்டத்தைப் புகழ்ந்து எழுதுவோர் பலர். அதற்கு நீர் ஊற்றுபவர் யார் என்று கேட்போர் சிலரே. சருகு கூட்டுதலும், குடம் சுமத்தலும், களை பறித்தலும் பெரும்பாலும் இல்லத்துப் பெண்களின் தோளிலேயே விழுகின்றன. சமையலும் பிற பணிகளும் முடிந்தபின் எஞ்சிய நேரத்தை இத்தோட்டமும் பறிக்குமாயின், அதனைச் சிமெண்டால் மூடச் சொல்லும் இல்லாளைக் குறைகூறல் நீதியாகாது. ஆதலால் மாற்றியமைக்கும் முன், வாரத்தில் எத்தனை மணி நேரம், யார் தருவர் என்பதைக் குடும்பத்தார் கூடிப் பேசுதல் வேண்டும். இரண்டு மணி நேரமே கிடைக்குமெனின், தோட்டமும் அவ்வளவுக்கே அமைய வேண்டும்.

முதியோர்க்கும் தோட்டத்தில் இடம் வேண்டும். மூன்றடி அகலமுள்ள, பாசி படியாத, சமமான நடைபாதை அவர்களை வீழாது காக்கும். இரண்டடி உயரத்தில் கட்டிய ஒரு கீரைப் பாத்தி இருப்பின், குனியாமல் நாற்காலியில் அமர்ந்தபடியே விதைக்கலாம், பறிக்கலாம். எவர் துணையுமின்றித் தம் கையால் விளைத்த கீரையை அடுப்படிக்கு அனுப்பும் முதியவர், அவ்வீட்டில் தாம் சுமையல்லர் என்பதை உணர்வார்.

முடிவுரை

எல்லாவற்றையும் ஓராண்டில் செய்து முடிக்க வேண்டுவதில்லை. முதலாண்டில் மண்ணும் மழைநீர்க் குழியும். இரண்டாமாண்டில் வேலியும் மரங்களும். அதன்பின் பூச்செடிகள் என்று படிப்படியாக அமைக்கலாம். மாணவர்கள் விடுமுறையில் ஊர் செல்லும்போது, தம் வீட்டு முற்றத்தின் வெயிலை ஒரு நாள் வரைந்து பார்ப்பதே நல்ல தொடக்கமாகும். நிலமும் செடியும் இல்லாளும் ஒருங்கே நலமுறும் இடமே மனை என்னும் பெயருக்கு முழுதும் தகுதியுடையது எனலாம்.