கலம் துலக்கும் நெறி

உண்ட கலத்தைத் துலக்குதல் நாள்தோறும் நிகழும் எளிய செயலாகும். ஆயினும், கலத்தை விட்டு அகன்ற அழுக்கு எங்கே செல்கின்றது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. கலத்தைத் தூயதாக்கி ஆற்றை அழுக்காக்குதல் தூய்மையாகுமோ?

முற்காலத் தமிழ் மக்கள் அடுப்புச் சாம்பலும் தேங்காய் நாரும் கொண்டு கலங்களைத் துலக்கினர். பித்தளைக்கும் செம்பிற்கும் புளி உதவிற்று. சாம்பலில் உள்ள காரம் எண்ணெய்ப் பசையை நீக்கும். புளியில் உள்ள அமிலம் களிம்பைப் போக்கும். துலக்கிய நீர் கொல்லைப்புறத்து வாழைக்கும் சேம்பிற்கும் பாய்ந்தது. ஆதலின் அந்நீர் வீணாகவில்லை.

இன்று இப்பணியைச் செய்ய எந்திரம் வந்துள்ளது. அமெரிக்க நாட்டு அம்மையார் ஜோசபைன் காக்ரேன் என்பவர் தாம் அமைத்த எந்திரத்திற்கு 1886ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். 1893ஆம் ஆண்டில் சிகாகோ நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில் அது பலரது கருத்தையும் கவர்ந்தது. இக்கால எந்திரம் வெந்நீரைச் சுழலும் குழல்களின் வழியே கலங்களின் மேல் விசையுடன் தெளிக்கின்றது. ஒரே நீரை வடிகட்டிப் பலமுறை பயன்படுத்துவதால், ஒரு முறைக்கு ஏறத்தாழ 10 முதல் 15 லிட்டர் நீரே அதற்குப் போதும். குழாயைத் திறந்துவிட்டபடி அத்தனை கலங்களையும் கழுவுவோர் இதனினும் மிகுந்த நீரைச் செலவிடுவர்.

நீரின் அருமையை நன்கு உணர்ந்த ஊர்களுள் ஒன்று பொழிச்சலூர். இது சென்னையின் தென்புறத்தே, வானூர்தி நிலையத்திற்கு அணித்தாக, அடையாற்றை ஒட்டி அமைந்துள்ளது. 2015ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அவ்வாறு பெருக்கெடுத்துக் கரையோர ஊர்களைச் சூழ்ந்தது. 2019ஆம் ஆண்டுக் கோடையிலோ சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டன. மக்கள் குடங்களுடன் லாரிகளை எதிர்நோக்கி நின்றனர். நீர் மிகினும் துன்பம், குறையினும் துன்பம். இத்தகைய இடத்தில் ஒவ்வொரு வீட்டுக் கழிவுநீரும் பொது நலனைச் சார்ந்ததேயாகும். கழுவும் தூளில் பாசுவரச் சேர்மம் மிகுந்திருப்பின், அது நீர்நிலைகளில் பாசியை மிகுதியாக வளர்க்கும். பாசி அழுகுங்கால் நீரிலுள்ள உயிர்வளி குறையும், மீன்கள் மடியும். இதனை உணர்ந்தே ஐரோப்பிய ஒன்றியம் 2017ஆம் ஆண்டு முதல், வீடுகளில் பயன்படும் இவ்வகைத் தூளில் பாசுவரத்தின் அளவை வரையறுத்தது.

எனவே எந்திரம் உடையோர் சில நெறிகளைக் கடைப்பிடித்தல் வேண்டும். எச்சிற்பருக்கைகளைக் குழாய்நீரில் அலசாது, வழித்தெடுத்து எருக்குழியில் இடுக. எந்திரம் நிறையும் அளவு கலங்கள் சேர்ந்த பின்னரே அதனை இயக்குக. பாசுவரம் இல்லாத தூளை அளவோடு இடுக. மிகுந்த வெப்பம் மின்சாரத்தை விழுங்கும்; ஆதலின் சிக்கன முறையைத் தேர்ந்துகொள்க. கழுவி முடிந்ததும் கதவைச் சிறிது திறந்து வைப்பின் கலங்கள் காற்றிலேயே உலரும். இரும்புத் தோசைக்கல்லையும் மரக்கரண்டியையும் கையால் கழுவுதலே நன்று.

எந்திரத்தையும் தூய்மையாக வைத்தல் வேண்டும். அடியிலுள்ள வடிகட்டியை வாரந்தோறும் கழற்றிக் கழுவுக. சுழல்குழலின் துளைகளில் சிக்கிய பருக்கைகளைக் குச்சியால் நீக்குக. உவர்ப்பு மிகுந்த கிணற்றுநீர் உள்ளே வெண்படிவை உண்டாக்கும். சிட்ரிக் அமிலத்தை இட்டு எந்திரத்தை வெறுமையாக இயக்கின் அது கரையும். ஆனால் அமிலத்தோடு வெளுப்புத் தூளைச் சேர்த்தல் ஒருபோதும் ஆகாது. அதனால் நச்சு வளி உண்டாகும்.

ஒன்றை மறத்தலாகாது. எந்திரக் கழிவுநீரில் காரமும் உப்பும் மிகுந்திருக்கும். பழைய துலக்குநீரைப் போல அதனை வாழைக்குப் பாய்ச்சினால் மண் கெடும். தூளைக் குறைப்பதன் இன்றியமையாமை இதனால் விளங்கும். எந்திரம் இல்லாதோர் இரண்டு தொட்டிகளில் நீர் நிரப்பி, ஒன்றில் துலக்கி மற்றொன்றில் அலசினால் அதுவே பெருஞ்சிக்கனமாகும்.

கருவி எதுவாயினும் கருத்து ஒன்றே. இன்று வீட்டை விட்டு வெளியேறும் நீர், நாளை ஆறாகவும் கிணறாகவும் அவ்வீட்டாரிடமே திரும்பி வருகின்றது. அதனை மாசின்றி அனுப்புவோரே மெய்யான தூய்மையை அறிந்தவர் ஆவர்.