இடது கையை முதலில் பழக்குங்கள்: பெரிய மோட்டாருக்கு மாறும் பிள்ளைகளுக்கு



செரண்டா, சுங்கை சோ, புக்கிட் பெருந்தோங், புக்கிட் செந்தோசா என்று நம் வட்டாரத்தில் எந்த வீட்டு வாசலைப் பார்த்தாலும் ஒரு ஸ்கூட்டர் நிற்கிறது. வேலை தோட்டத்துக்குள்ளேயே இருந்த காலத்தில் நம் பெற்றோருக்கு ஒரு சைக்கிள், வசதி வந்தால் கப்சாய் என்கிற ஒரு சின்ன கியர் மோட்டார், அவ்வளவே போதுமாக இருந்தது. நீங்களோ விடியுமுன் கிளம்பி ரவாங், செலாயாங், கோலாலம்பூர், ஷா ஆலம் வரை போகிறீர்கள். நெடுஞ்சாலையில் லோரி பக்கத்தில் வந்தால் ஸ்கூட்டர் ஆடுகிறது, 250 சிசி வண்டி மேல் மனம் போகிறது. அந்த ஆசையில் தப்பே இல்லை. ஆனால் இந்த நாட்டில் சாலை விபத்தில் சாகிறவர்களில் ஏறக்குறைய மூவரில் இருவர் மோட்டாரில் போனவர்கள். அதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இவற்றைச் சொல்கிறேன்.

1. வேலைக்கு எவ்வளவு தூரம் என்று பாருங்கள். சுங்கை சோ தொழிற்சாலைக்கோ புக்கிட் பெருந்தோங் கடைக்கோ போகிறவருக்குப் பெரிய மோட்டார் தேவையில்லை. கடைத்தெருவில் நின்று நின்று போகிற பாதைக்கு ஸ்கூட்டர்தான் சரியான வண்டி. காலடியில் அரிசி மூட்டை வைக்கலாம், இருக்கைக்குக் கீழே மழைச்சட்டை வைக்கலாம். தினமும் முப்பது நாற்பது கிலோமீட்டர், அதிலும் பாதிக்கு மேல் வேகச் சாலை என்றால் மட்டும் மாறுங்கள். கோலாலம்பூர் நடுவில் வேலை செய்பவர்கள் நம் ஊர் கொமுட்டர் ரயிலையும் மறந்துவிட வேண்டாம். தஞ்சோங் மாலிமிலிருந்து கிள்ளான் துறைமுகம் போகிற அந்தத் தடம் செரண்டா வழியாகத்தான் போகிறது. கனமழை நாளில் வண்டியை ஸ்டேஷனில் விட்டுவிட்டுப் போவது புத்திசாலித்தனம்.

2. லைசென்ஸ் வகுப்பைப் பாருங்கள். நம்மில் பெரும்பாலோரிடம் இருப்பது பி2. அது 250 சிசி வரைக்கும்தான் செல்லும். 500 சிசி வரை ஓட்ட பி1 வேண்டும், அதற்கும் மேலே முழு பி. மொடேனாஸ் டோமினார் 250, 400 இரண்டும் தூரத்திலிருந்து பார்க்க ஒன்றுபோலத் தெரியும். ஆனால் 400 என்கிற வண்டியின் இன்ஜின் 373 சிசி, பி2 வைத்திருப்பவர் அதில் ஏறக்கூடாது. “யாரும் பிடிக்க மாட்டார்கள்” என்று விற்பவர் சொல்வார். போலீஸ் பிடிப்பது சின்ன விஷயம். வகுப்பு இல்லாமல் ஓட்டி யார் மீதாவது மோதினால் இன்சூரன்ஸ் உங்களுக்குத் துணை நிற்காது, வீட்டை விற்றுக் கட்ட வேண்டி வரும்.

3. இதுதான் முக்கியம், நிதானமாகப் படியுங்கள். ஸ்கூட்டரில் இரண்டு பிரேக்கும் கையில் இருக்கின்றன. இடது கையில் இருப்பது பின் பிரேக். வருடக்கணக்காக ஓட்டியதில், ஆபத்து என்று கண் சொன்னதுமே இடது கை தானாகவே இறுகும். கியர் மோட்டாரில் அதே இடத்தில் இருப்பது கிளட்ச். முன்னால் போகும் லோரி திடீரென நிற்கிறது, உங்கள் இடது கை பழக்கத்தில் இறுகுகிறது. வண்டி நிற்காது. கிளட்ச் பிடித்ததும் இன்ஜினின் இழுப்பும் விட்டுப்போய், வண்டி இன்னும் லேசாக முன்னால் ஓடும். அந்த ஒரு நொடியில் கை தவறு செய்ததை மூளை புரிந்துகொள்வதற்குள் லோரியின் பின்பக்கம் வந்துவிடும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு வண்டி 25 மீட்டர் போகிறது.

அதனால் வாங்கிய வண்டியை அடுத்த நாளே வேலைக்கு எடுத்துப் போகாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் மண்டபத்துக்கு முன்னாலோ பள்ளித் திடலுக்குப் பக்கத்திலோ காலி இடம் இருக்கும். தரையில் ஒரு கல்லை அடையாளமாக வையுங்கள். இருபது கிலோமீட்டர் வேகத்தில் வந்து, கல்லைத் தொடும் இடத்தில் நிறுத்துங்கள். முதலில் வலது கை இரண்டு விரலால் முன் பிரேக்கைத் தொட வேண்டும். வண்டியின் மூக்கு கீழே இறங்குவது தெரிந்ததும் அழுத்தத்தைக் கூட்டுங்கள். வலது கால் பின் பிரேக்கை மெல்ல மிதிக்கட்டும். இடது கை கடைசியாக, வண்டி நிற்கப்போகும் அந்த நேரத்தில்தான் கிளட்சைத் தொட வேண்டும். கை யோசிக்காமல் இந்த வரிசையில் வருகிறவரை செய்யுங்கள். பிறகு நாற்பதில் செய்யுங்கள். ஸ்கூட்டரில் வலது காலுக்கு வேலையே இருந்ததில்லை, அது பெடலைத் தேடாமல் கண்டுபிடிக்கவே சில நாள் ஆகும். வீட்டில் ஸ்கூட்டரும் இருக்கிறதென்றால் முதல் மாதம் அதைத் தம்பிக்கோ தங்கைக்கோ கொடுத்துவிடுங்கள். இன்று இது, நாளை அது என்று மாற்றி மாற்றி ஓட்டினால் கை எதையும் முழுதாகக் கற்காது.

4. கப்சாயிலிருந்து வருகிறவர்களுக்கு வேறு ஒரு பொறி. இஎக்ஸ்5 போன்ற வண்டியில் கியர் ஏற்ற முன்பக்கம் மிதிப்போம். பெரிய மோட்டாரில் முதல் கியர் மட்டும் கீழே, மற்றதெல்லாம் மேலே தூக்க வேண்டும். மூன்றாவதிலிருந்து நான்குக்குப் போகிறோம் என்று மிதித்தால் இரண்டாவது விழும். கிளட்சை அப்படியே விட்டால் ஈரச் சாலையில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். சிலிப்பர் போட்டுக்கொண்டு இந்தக் கியரைத் தூக்கவே முடியாது. கால் விரல் லீவருக்குக் கீழே நுழைந்து தோல் உரியும். மூடிய காலணி, முடிந்தால் கணுக்காலை மூடுவது, வாங்குங்கள்.

5. 150, 160 சிசி ஸ்கூட்டர் 115 முதல் 130 கிலோ இருக்கும். 250 சிசி மோட்டார் சுமார் 160, டோமினார் 400 சுமார் 190 கிலோ. ஓடும்போது இந்த எடை நல்லது, லோரிக் காற்றுக்கு ஆடாது. தொல்லை நிற்கும்போதுதான். கடை வரிசைக்கு முன்னால் ஸ்கூட்டரில் திரும்பிய அகலத்தில் இதைத் திருப்ப முடியாது, ஹேண்டில் அவ்வளவு வளையாது. மெதுவாகத் திரும்பும்போது பின் பிரேக்கை லேசாக மிதித்து, கிளட்சைப் பாதியில் வைத்துத் திரும்புங்கள். முன் பிரேக்கைத் தொட்டால் திரும்பும் பக்கமே வண்டி சாய்ந்துவிடும். நெரிசலில் கார்களுக்கு நடுவே நுழையும்போதும் ஹேண்டில் அகலம் நினைவிருக்கட்டும்.

6. நம் சாலையை நாம்தான் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பத்து ஆராங், பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான் பக்கம் போகிற வழியில் செம்பனைக் குலை ஏற்றிய லோரியிலிருந்து உதிரிப் பழம் விழும். அதன்மேல் டயர் ஏறினால் எண்ணெய் கசிந்து, தார் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். வளைவில் சிவப்பாகவோ கறுப்பாகவோ பரவியிருப்பதைக் கண்டால் வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் பிரேக் வேண்டாம். மண் லோரி விட்டுப்போகும் செம்மண் சேறும் அப்படித்தான். லோரிக்கு இடது பக்கத்தில் ஒட்டிப் போகவே போகாதீர்கள். டிரைவருக்கு உங்களைத் தெரியாது, இடது பக்கம் திரும்பினால் உங்கள்மேல்தான் ஏறும்.

2017 நவம்பரில் திறந்த ரவாங் மாற்றுச் சாலை கன்சிங் காட்டுக்கு மேலே போகிறது. அதன் மிக உயரமான தூண் 58 மீட்டர். அங்கே பக்கக் காற்று அடிக்கும். ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காமல், முழங்காலால் டாங்கியை அணைத்துக்கொண்டு போங்கள். படம் எடுக்க ஓரத்தில் நிறுத்துவது உயிருக்கு ஆபத்து.

நம் மேற்குக் கரையில் ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் மாலை இடிமழை கொட்டும், நீங்கள் வீடு திரும்பும் அதே நேரத்தில். மழை பிடித்த முதல் பத்து நிமிடம்தான் மிக மோசம், தூசியும் எண்ணெயும் கலந்து வழுக்கும். பாலத்துக்குக் கீழே சாலையிலேயே ஒதுங்கி நிற்காதீர்கள். மோட்டார்களுக்கென்று கட்டிய நிழற்குடை வரும் வரை மெதுவாகப் போங்கள், அல்லது பெட்ரோல் நிலையத்தில் ஒதுங்குங்கள்.

7. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டியாகப் பாருங்கள். 150 சிசியும் அதற்கு மேலும் உள்ள புதிய மாடல்களுக்கு 2025 ஜனவரியிலிருந்து அது கட்டாயம் என்று அரசாங்கம் அறிவித்தது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் கேட்டு, முன்சக்கரத்தில் பார்த்து வாங்குங்கள். அழகான சைலன்சருக்குக் கொடுக்கிற காசை இதற்குக் கொடுக்கலாம்.

8. ஹெல்மெட்டில் சிரிம் தர முத்திரை இருக்கட்டும். சட்டையை முன்பின்னாக மாட்டிக்கொண்டு போகிற நம் ஊர் வழக்கத்தைப் பெரிய மோட்டாரில் விட்டுவிடுங்கள். வேகத்தில் அது காற்று புகுந்து உப்பித் தோளை இழுக்கும். பகலிலும் முன்விளக்கு எரியட்டும், 1992 முதல் அது இங்கே சட்டம்.

9. செயின். ஸ்கூட்டரில் பெல்ட் உள்ளே மூடியிருந்தது, நீங்கள் பார்த்ததே இல்லை. இங்கே செயின் வெளியே தெரியும். ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு தடவையும் கனமழைக்குப் பிறகும் துடைத்து எண்ணெய் விடுங்கள். நம்மூர்த் தூரத்துக்கு அது வாரம் ஒரு முறை வரும். பின்னால் அம்மாவோ மனைவியோ சேலையில் உட்கார்ந்தால், செயினில் சிக்காதபடி முந்தானையை முடிச்சிட்டு மடியில் வைக்கச் சொல்லுங்கள். சேலைத் தடுப்பு உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று ஏறுமுன் பாருங்கள்.

10. மாதச் செலவைக் காகிதத்தில் எழுதுங்கள். நாளைக்கு 80 கிலோமீட்டர், மாதம் 26 நாள் என்றால் 2,080 கிலோமீட்டர். லிட்டருக்கு 40 தரும் ஸ்கூட்டருக்கு 52 லிட்டர், 27 தரும் 250 சிசி வண்டிக்கு 77 லிட்டர். 2025 செப்டம்பர் கடைசியில் வந்த புடி95 பெட்ரோல் விலையான 1.99 ரிங்கிட்டில் போட்டாலும் மாதம் ஐம்பது ரிங்கிட் கூடும். சாலை வரி 150 சிசி வரை 2 ரிங்கிட், 200 வரை 30, 250 வரை 50, 500 வரை 100. இதோடு தவணை, அகலமான டயர், கூடுதல் இன்சூரன்ஸ். சம்பளத்தில் மூச்சு முட்டுகிறதென்றால் இன்னும் ஒரு வருடம் ஸ்கூட்டரையே ஓட்டுங்கள். தவணை கட்டுவதற்காக ஓவர்டைம் செய்துவிட்டுத் தூக்கக் கண்ணோடு இரவில் திரும்புகிறவனுக்கு எந்த வண்டியும் பாதுகாப்பு இல்லை.

11. கடைசியாக ஒன்று, இது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியவில்லை. வீட்டிலிருந்து வேலைக்கும், வேலையிலிருந்து வீட்டுக்கும் போகும் வழியில் விழுந்தால் தொழிலாளர்களின் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் பாதுகாப்பு உண்டு. வழியை விட்டு வேறு எங்கோ போயிருந்தால் கேள்வி வரும். சொந்தமாகத் தொழில் செய்கிறவர்களுக்கும் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தனித் திட்டம் இருக்கிறது, அதில் பணம் கட்டியிருக்க வேண்டும். விபத்து நடந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் ரிப்போர்ட் செய்ய வேண்டும், முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். நீங்கள் மருத்துவமனையில் படுத்திருக்கும்போது இதையெல்லாம் ஓடியாடிச் செய்யப்போவது வீட்டில் இருப்பவர்கள்தான். புது வண்டியை வீட்டு வாசலில் நிறுத்திய அன்றே அவர்களை உட்கார வைத்து இதைச் சொல்லிக்கொடுங்கள்.