எரியும் அறை

ஓர் அறையின் மூலையிலுள்ள குப்பைக் கூடையில் தீப்பற்றியது எனக் கொள்வோம். முதலில் அது சிறு சுடரே. ஒரு குடம் நீரால் அவித்துவிடலாம். ஆனால், அதிலிருந்து எழும் சூடான புகை மேலே சென்று கூரையின்கீழ்த் திரள்கிறது. அப்புகைப் படலம் ஏறத்தாழ 600 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தை அடைந்ததும், அதன் வெப்பக் கதிர்கள் கீழேயுள்ள நாற்காலி, துணி, தாள் முதலியவற்றைத் தாக்க, சுடர் தீண்டாத பொருள்களும் ஒருங்கே பற்றிக்கொள்கின்றன. அதன்பின் அவ்வறையில் உள்ளோர் உயிர்பிழைத்தல் அரிது. சில நிமிடங்களிலேயே இந்நிலை வந்துவிடக்கூடும். சிறு தீதானே என்று உள்ளே நின்று பெட்டியைத் தேடுவோர் இதனை அறியார்.

இவ்வெப்பத்தை முறையாக அளந்தவருள் ஒருவர் அமெரிக்கரான சைமன் இங்பெர்க். அவர் வாஷிங்டன் நகரில் சோதனைக்கெனவே கட்டடங்களை அமைத்து, அலுவலகத்தில் இருப்பதுபோல மேசைகளையும் தாள்களையும் நிரப்பித் தீயிட்டார். தீ தானே அடங்கும்வரை வெப்பத்தைக் குறித்துவந்தார். 1928ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். தரையின் ஒவ்வொரு சதுர அடிக்கும் 10 பவுண்டு எரிபொருள் இருப்பின், அத்தீ சோதனை உலையில் ஒரு மணி நேரம் சுடுவதற்கு ஒப்பாகும். 20 பவுண்டாயின் இரண்டு மணி நேரத்திற்கு ஒப்பாகும் என்றார். பலகணிகள் வழியே புகும் காற்றின் அளவும் தீயின் போக்கை மாற்றும் என்பதைப் பின்வந்தோர் தெளிவாக்கினர்.

உலகெங்கும் வழங்கும் சோதனை முறையொன்றில் உலையின் வெப்பம் 5 நிமிடங்களில் 576 டிகிரியும், 30 நிமிடங்களில் 842 டிகிரியும், ஒரு மணியில் 945 டிகிரியும் ஆக உயர்த்தப்படுகிறது. எஃகு உருகுவதற்கு ஏறத்தாழ 1500 டிகிரி வேண்டும். ஆயினும், 600 டிகிரியை நெருங்கும்போதே அது தன் வலிமையில் பாதியை இழந்து வளையத் தொடங்கும். பருத்த மர உத்தரமோ மேலே கரியாகி, அக்கரியே போர்வையாக உள்மரத்தைக் காக்க, நெடுநேரம் சுமை தாங்கும். இரும்பைக் காட்டிலும் மரம் தீயில் நிலைத்து நிற்பது விந்தையன்றோ!

ஆதலின் எஃகுத் தூண்களைக் கான்கிரீட்டாலோ ஜிப்சப் பலகையாலோ போர்த்துகின்றனர். ஜிப்சத்தின் எடையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு, படிகத்துள் அடங்கிய நீரே. அந்நீர் ஆவியாகித் தீருமளவும் பலகைக்குப் பின்னுள்ள எஃகின் வெப்பம் மெல்லவே ஏறுகிறது. ஒரு தூணை 'ஒரு மணி நேரத் தூண்' என்றால், அது தீப்பற்றாதது என்பது பொருளன்று. உலையில் அத்துணை நேரம் சுமையைத் தாங்கி நின்றது என்பதே பொருள். மேல்மாடியிலுள்ளோர் படியிறங்கி வெளியேறுவதற்கும், தீயணைப்போர் உட்புகுவதற்கும் அந்நேரம் வேண்டும்.