புள்ளி ஓரிடம், கடி ஓரிடம்

நம்பிக்கை: கணினியில் நோய் வரைபடம் வந்துவிட்டால், எந்தத் தெருவில் கொசு மருந்து அடிப்பது என்று அதுவே காட்டிவிடும்.

உண்மை: அது காட்டுவது நோயாளி சொன்ன முகவரியை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். அதிக தூரம் பறக்காது. பல்லடத்தில் தறிக்குடோனுக்கோ பனியன் கம்பெனிக்கோ போகிறவர் பகல் முழுக்க அங்கேதான் இருப்பார். அங்கே தண்ணீர் பிடித்து வைத்த டிரம்மில் புழு இருந்தாலும், வரைபடத்தில் புள்ளி விழுவது அவர் இரவில் வந்து படுக்கும் லைன் வீட்டில். மருந்து வண்டியும் அந்தத் தெருவுக்குத்தான் போகும். பீகாரிலிருந்து வந்தவர் ஆதார் அட்டையை நீட்டி, பதிவு செய்பவரும் அதையே பார்த்து எழுதிவிட்டால் புள்ளி மாநிலத்தையே தாண்டிவிடும். தங்கும் இடம், வேலை செய்யும் இடம் இரண்டையும் கேட்காத படிவத்துக்கு எவ்வளவு அழகான வரைபடம் போட்டும் பயனில்லை.

நம்பிக்கை: 1854இல் லண்டன் காலராவின் காரணத்தைக் கண்டுபிடித்ததே மருத்துவர் ஜான் ஸ்னோவின் வரைபடம்தான்.

உண்மை: தண்ணீர்தான் காரணம் என்று 1849இலேயே அவர் எழுதி வெளியிட்டுவிட்டார். காலராவைப் பரப்பிய பிராட் தெரு அடிபம்பின் கைப்பிடியைக் கழற்றியது 1854 செப்டம்பர் 8. பிரபலமான அந்த வரைபடம் அதற்குப் பிறகு வந்தது. (கதை சொல்பவர்களுக்கு வரிசையை மாற்றிச் சொல்வதே பிடிக்கும்.) அவர் வாதத்துக்கு வலு சேர்த்தவை கணக்கில் இடித்த விதிவிலக்குகள். வெகுதொலைவில் ஹாம்ஸ்டெட்டில் இருந்த ஒரு விதவை காலராவில் இறந்தார். அந்த பம்புத் தண்ணீரின் ருசிக்காக அதை வண்டியில் வரவழைத்துக் குடித்தவர் அவர். பம்புக்குப் பக்கத்திலேயே இருந்த பீர் ஆலைத் தொழிலாளர்களோ தப்பினார்கள். அவர்கள் அந்தத் தண்ணீரைத் தொடவே இல்லை. இரண்டும் நேரில் போய் விசாரித்ததில் தெரிந்தவை.

நம்பிக்கை: வரைபடத்தில் சிவப்பு அதிகமுள்ள வார்டில்தான் ஆபத்து அதிகம்.

உண்மை: ஆள் அதிகமுள்ள வார்டு பெரும்பாலும் சிவந்துதான் இருக்கும். மக்கள்தொகையால் வகுத்துப் பார்க்கலாம் என்றால் கையில் இருப்பது 2011 கணக்கெடுப்பு. அதன்பின் எழும்பிய லைன் வீடுகளும் வந்து சேர்ந்த வெளிமாநிலத்தவரும் அதில் இல்லை.

நம்பிக்கை: வசதிகள் கூடக்கூட வரைபடம் அதிகம் பயன்படும்.

உண்மை: 2021 ஏப்ரலில் மத்திய அரசு தொடங்கிய ஒருங்கிணைந்த சுகாதாரத் தகவல் தளத்துக்கு அடிமட்டத்தில் நோய் விவரம் தருபவர்களில் கிராம சுகாதார செவிலியரும் ஒருவர். வெயிலில் நின்று போனைப் பார்க்கும் நர்சம்மாவுக்கு வரைபடத்தில் பத்து வண்ண அடுக்குகள் எதற்கு? இன்று போக வேண்டிய தெருக்கள் பெரிய எழுத்தில் தெரியட்டும். சிக்னல் இல்லாவிட்டாலும் திறக்கட்டும். "இவர் இங்கே இல்லை, அந்தக் குடோனில் இருக்கிறார்" என்று புள்ளியை நகர்த்த ஒரு பொத்தான் இருக்கட்டும்.